இரட்டைப்படை முகவரி

முதலாளி போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றார். வாடிக்கையாளர்கள் எவ்வளவு கத்தினாலும் நாற்காலியில் சாய்ந்தபடி பேசுகிறவர் அவர். எழுந்து நின்றால் விஷயம் பெரிது என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் அன்று காலை அவளும் அவரும்தான். மற்ற இருவர் வெளியூரில் ஒரு மின்சுற்றுப் பலகையைப் பொருத்தப் போயிருந்தார்கள்.

“உள்ளே யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்தது.

நகரத்தின் மறுகோடியில் இருந்த ஓர் உயரமான கண்ணாடிக் கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி பேசினார். அங்கே கண்ணாடி துடைக்கிறவர்கள் நிற்பதற்குக் கூரையிலிருந்து இரும்புக் கயிறுகளில் ஒரு நீளமான மேடை தொங்கும். துடைக்கிறவர்கள் அதைத் தொட்டில் என்பார்கள். அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு மோட்டார். நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருப்பது இந்த அலுவலகத்தில் செய்த பலகை. அதில் உட்கார்ந்திருக்கும் சிப்புக்கு நிரல் எழுதியவள் அவள். அந்தத் தொட்டில் இப்போது ஒரு பக்கம் சாய்ந்துபோய், பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மேலே போகவும் மாட்டேன் என்கிறது, கீழே வரவும் மாட்டேன் என்கிறது. உள்ளே இரண்டு பேர். காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது.

முதலாளி ஓர் எண்ணைத் திரும்பச் சொல்லியபடி எழுதச் சொன்னார். தொட்டிலில் இருப்பவரின் கைப்பேசி எண். பாதி எழுதும்போதே அவள் பேனா நின்றுவிட்டது. மீதி எண்கள் அவளுக்கே தெரியும்.

அது அவள் நாத்தனாருடைய எண்.

கணவனுடைய அக்கா. கண்ணாடி துடைக்கும் குழுவுக்கு மேஸ்திரி. உயரம் என்றால் தெருவைக் கடப்பது மாதிரி அவருக்கு. வாயும் அப்படித்தான், யாருக்காகவும் நிற்காது. அவளுக்கும் அவருக்கும் பேச்சு நின்று ரொம்ப நாளாகிறது. மாமியாருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த வாரம், இங்கே புதுச் சிப்பில் புதுப் பலகையை ஓட வைத்தே ஆகவேண்டும் என்று முதலாளி தலைகீழாக நின்றார். அவள் ஒரே ஒரு மாலை மருத்துவமனைக்குப் போனாள். நாத்தனார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இரவு பகலாக அம்மாவின் கட்டிலோடு கிடந்தார். வராந்தாவில், போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி, “உனக்கு மனுஷங்க எதுக்கு, அந்த மிஷினையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்து” என்றார். அதன் பிறகு ஒரே வீட்டில் சந்தித்தாலும் இருவருக்கும் நடுவே கணவன்தான் தபால்காரன்.

அவள் எண்ணை அழுத்தினாள். மணி முழுதாக அடிப்பதற்குள் எடுக்கப்பட்டது. முதலில் கேட்டது காற்றின் இரைச்சல்தான்.

“அண்ணி, நான்தான்.”



“நீயா? அங்க வேற ஆளே இல்லையா?”

“இல்லண்ணி. நிரல் எழுதினது நான்தான். என்ன ஆச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க.”

நாத்தனார் சொன்னார். பதற்றம் இருந்தது, ஆனால் சொன்னதில் குழப்பம் இல்லை. காற்று லேசாக எழும்பியதும் வேலையை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் ஒரு பலமான காற்று. இடது மோட்டார் சட்டென்று நின்றது; வலது மோட்டார் ஒரு கணம் அதிகமாக ஓடிவிட்டு நின்றது. தொட்டிலின் வலது முனை தாழ்ந்துபோனது. உடனே வலப்பக்கம் இருக்கும் பாதுகாப்புப் பூட்டு, தனிக் கயிற்றை இறுகக் கவ்விக்கொண்டது. கவ்வினால் விழாது, நல்லதுதான். ஆனால் அந்தப் பூட்டு விட வேண்டுமானால் அந்த முனை ஒரு சாண் மேலே ஏற வேண்டும். கையால் இறக்கும் நெம்புகோல் இருக்கிறது, கையால் ஏற்றும் வழி கிடையாது. மோட்டார்தான் ஏற்ற வேண்டும்.

“மேலே பட்டனை அமுக்கினா ஒரு உறுமு உறுமுது. உடனே டக்குனு நின்னு போயிடுது. ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கு. இந்த மீசை என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.”

மீசை என்பது கூட இருந்தவரின் பட்டப்பெயர். இந்த வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. மீசை மட்டும்தான் தைரியமாக நிற்கிறது என்று நாத்தனார் அந்த நிலையிலும் ஒரு வார்த்தை சொன்னார்.

தீயணைப்பு வண்டி கீழே வந்துவிட்டது. ஏணி எட்டவில்லை. தொட்டில் நின்ற இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அறை இல்லை, கான்கிரீட் சுவர். உடைத்து உள்ளே இழுக்கவும் வழியில்லை. கயிறு கட்டி இறங்கும் குழு வேறொரு விபத்திலிருந்து கிளம்பி, நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் தொட்டில் சுவரில் போய் மோதித் திரும்பியது. மோதும் சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு மோதலுக்கும் அவள் தோள்கள் தானாகச் சுருங்கின.

“அண்ணி, பெட்டியில பச்சை விளக்கு எப்படி இருக்கு?”

“காத்து அடிக்கிறப்போ அணைஞ்சு போகுது. அப்புறம் தானா எரியுது.”

“சங்கு ஊதிச்சா? காத்து ஜாஸ்தியானா பெட்டியில சங்கு ஊதணும்.”

“ஊதல. ஒரு தடவைகூட ஊதல.”

அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு அணைந்து எரிகிறது என்றால் சிப் மயங்கி விழுகிறது. பலகையில் இருக்கும் காவல் கடிகாரம் அதைத் தட்டி எழுப்புகிறது. அடுத்த காற்றில் மறுபடி விழுகிறது. தொட்டிலின் வலது முனையில், கைப்பிடிக் கம்பியின் மேல், மூன்று கிண்ணம் வைத்த ஒரு சின்னக் காற்றாடி இருக்கும். அது அளவுக்கு மேல் வேகமாகச் சுழன்றால் சிப் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, காற்றுக்கென்று எழுதிய பகுதிக்கு ஓட வேண்டும். அந்தப் பகுதியின் முதல் காரியமே சங்கு ஊதுவது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். சங்கு ஒரு தடவைகூட ஊதவில்லை என்றால், சிப் அந்தப் பகுதிக்குள் நுழையவே இல்லை. வாசலிலேயே விழுகிறது.

போனை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். கணினியில், எண்களாக மாறிய நிரலின் முடிவு வடிவத்தைத் திறந்தாள். யார் கூப்பிட்டால் எந்த முகவரிக்கு ஓடுவது என்று சிப்புக்குச் சொல்லும் பட்டியல் முதலில் வரும். வரிசையாக எண்கள். கடைசி இலக்கங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினாள். ஒன்று. ஐந்து. ஒன்பது. ஏழு. ஒன்று. எல்லாம் ஒற்றைப்படை. காற்றின் வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது.

நான்கு.

கீழே இருந்த மிச்சத்தையும் பார்த்தாள். எல்லாம் ஒற்றைப்படை. அந்த ஒன்றுதான் இரட்டைப்படை.

 ஆர்ம் என்பது இந்தச் சிப்புக் குடும்பத்தின் பெயர். ஆங்கிலத்தில் கை என்று பொருள் வரும். அந்தக் கைக்குத் தம்ப் என்றொரு சுருக்கமான கட்டளை வகை உண்டு, கட்டைவிரல். பெயர் வைத்தவனுக்குக் குசும்பு அதிகம். அவர்கள் முன்பு பயன்படுத்திய பழைய சிப்புக்கு ஆர்ம், தம்ப் இரண்டு வகையும் தெரியும். முகவரி இரட்டைப்படை என்றால் ஆர்ம், ஒற்றைப்படை என்றால் தம்ப் என்று புரிந்துகொள்ளும். புதிய சிப்புக்குத் தம்ப் மட்டும்தான் தெரியும். அதனிடம் இரட்டைப்படை முகவரியைக் கொடுத்தால் அங்கே கால் வைக்காது, அந்த இடத்திலேயே மயங்கும்.

முகவரியை ஒற்றைப்படையாக்குவது மனிதர் செய்கிற வேலை அல்ல. நிரலை எண்களாக மாற்றித் தரும் அசெம்பிளர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நாம் சொல்ல வேண்டும். அசெம்பிளர் நிரலில் சில வரிகள் சிப்புக்கு. சில வரிகள் அசெம்பிளருக்கு மட்டும். அந்த இரண்டாம் வகை ஒரு புள்ளியோடு தொடங்கும். அவற்றைச் சிப் ஒருநாளும் பார்க்காது. ஒரு பகுதியின் தலைக்கு மேல் ‘புள்ளி தம்ப் ஃபங்க்’ என்று ஒரு வரி எழுதினால், அடுத்து வருவது தம்ப் வகைப் பகுதி, அதன் முகவரியை அப்படிக் குறித்துக்கொள் என்று அசெம்பிளருக்கு அர்த்தம்.

நிரலின் பெரும்பகுதியை அவள் சி மொழியில் எழுதியிருந்தாள்; அங்கே இதெல்லாம் தானாக நடந்துவிடும். காற்றுப் பகுதி மட்டும் அசெம்பிளரில் இருந்தது. அது முதலாளி தன் கையால் பழைய சிப்புக்கு எழுதியது. புதுச் சிப்புக்கு மாறியபோது, அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, பல வருஷம் ஓடித் தேய்ந்த நிரல் என்று சொல்லிவிட்டு, அவரே உச்சியில் ‘புள்ளி தம்ப்’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். அந்த வரி, கட்டளைகளைத் தம்ப் வகையில் மாற்று என்று மட்டும் சொல்லும். பகுதியின் முகவரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். உச்சியில் ‘புள்ளி தம்ப்’ இருந்தது. காற்றுப் பகுதியின் தலைக்கு மேல் வெற்று வரி.

“சார், இங்க வாங்க.”

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். அவள் காட்டிய நான்கையும், வெற்று வரியையும் பார்த்தார்.  அந்தப் பகுதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பழைய பலகையில் எத்தனையோ புயலைப் பார்த்தது என்றார். பொருத்திய அன்று சங்கு ஊதியதைத் தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னார். அது சோதனைப் பொத்தானை அமுக்கி ஊதியது, அந்தப் பொத்தானுக்கு நிரல் வேறு இடத்தில் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. காற்றாடி கெட்டுப்போய் ஏதாவது கிறுக்குத்தனம் செய்யும், அதன் வயரைப் பிடுங்கினால் தீர்ந்தது என்றார். சொல்லிக்கொண்டே போன் பக்கம் குனிந்தார்.

“அம்மா, வலது ஓரத்துல காத்தாடிக்குக் கீழ ஒரு கறுப்பு வயர் இருக்கும். அதைத் திருகி—”

அவள் போனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். “அண்ணி, வேண்டாம். எதையும் தொடாதீங்க. அப்படியே இருங்க.”

முதலாளியின் பேச்சில் குறுக்கே அவள் விழுந்தது அதுதான் முதல் தடவை.

வயர் அறுந்தால் காற்றாடி செத்துப்போனதாக அர்த்தம். ஆபத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகும் என்பதால், வயர் அறுந்தாலும் பெருங்காற்று என்றே எடுத்துக்கொள்ளும்படிதான் பலகையைச் செய்திருந்தார்கள். வயரைப் பிடுங்கினால் சிப்பை நிரந்தரமாக அந்த வாசலில் கொண்டுபோய் விட்டது போலாகும். விழும், எழும், விழும். நடுவில் மோட்டார் ஓட ஒரு மூச்சுக்கூட இடம் கிடைக்காது.

அவள் அலமாரியிலிருந்து அதே மாதிரிப் பலகை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். காற்றாடியை மாட்டினாள், ஒரு சின்ன மோட்டாரை மாட்டினாள், மின்சாரம் கொடுத்தாள். விளக்கு எரிந்தது, மோட்டார் சுழன்றது. கணினிகளில் தூசி ஊதும் கருவியை எடுத்துக் காற்றாடியின் மேல் பிடித்தாள். கிண்ணங்கள் சுழன்றன, இன்னும் வேகமாகச் சுழன்றன. சட்டென்று விளக்கு அணைந்தது. மோட்டார் நின்றது. சங்கு ஊதவில்லை. விளக்கு மறுபடி எரிந்து, மறுபடி அணைந்தது.

பிறகு ஊதுவதை நிறுத்தாமலே இன்னொரு கையால் காற்றாடியை இறுகப் பிடித்து நிறுத்தினாள். விளக்கு எரிந்தது, அணையவில்லை. மோட்டார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியாக வயரைப் பிடுங்கினாள். எல்லாம் செத்தது.

முதலாளி பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

சரிசெய்த நிரலை இங்கிருந்தே அனுப்ப முடியாது. பலகையில் கேபிள் செருக வேண்டும். இருந்தது ஒரே வழி. தாழ்ந்திருக்கும் வலது முனைக்கு ஒருவர் சரிவில் இறங்கிப் போய்க் காற்றாடியைக் கையால் நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும்போது இன்னொருவர் நடுப்பெட்டியில் வலது மோட்டாரை மட்டும் தேர்ந்து மேலே ஏற்ற வேண்டும். நடுவில் பிடி நழுவினால் சிப் விழும், முனை குலுங்கும், பூட்டு மறுபடி கவ்வும்.

அவள் முதலாளியின் போனை வாங்கி, முதலில் தீயணைப்பு அதிகாரியிடம் பேசினாள். கீழே நின்றிருந்த பாதுகாப்பு அதிகாரியின் போன் வழியாக அவர் பேசினார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். சிப்பு, முகவரி எல்லாம் தனக்கு வேண்டாம், அந்தக் காற்றாடியைப் பிடித்தால் மோட்டார் ஓடும் என்பது எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார். இங்கே மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். மேஜை சாயாதே என்றார் அவர்.  பிறகு, மேற்கே வானம் கறுத்துவிட்டது, மழையில் கயிறு நனைந்தால் எதுவுமே செய்ய முடியாது, என் ஆட்கள் இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். இடுப்புப் பட்டையின் கயிறு எந்த நேரமும் தொட்டிலில் அல்ல, கூரையிலிருந்து ஆளுக்கென்று தொங்கும் கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார்.

அவள் நாத்தனாரிடம் திரும்பினாள். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

“இது எந்தப் பலகை? அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நீ செஞ்சுட்டிருந்தியே, அதுவா?”

“ஆமா அண்ணி. அதேதான்.”

சுவரில் தொட்டில் மோதும் சத்தம் கேட்டது. மீசை ஏதோ முனகினார்.

“தப்பு உன்னுதா?”

முதலாளி தலை நிமிர்ந்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை.

“ஒரு வரி விட்டுப் போச்சு. அது என் கையால எழுதினது இல்ல. ஆனா நான் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல.”

“இப்போ பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன்.”

“சரி” என்றார் நாத்தனார். “போனைக் கழுத்துல மாட்டிக்கிறேன். பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத.”

மீசையை எழுப்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. அவர் காலை விட மாட்டேன் என்றார். நாத்தனார் திட்டவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மிரண்ட மாட்டிடம் பேசுவதுபோல் ஒரே குரலில், மெதுவாகப் பேசினார். உன் கயிறு எங்க மாட்டியிருக்கு, நீயே தொட்டுப் பாரு. கெட்டியா இருக்கா. என் கயிறு எங்க இருக்கு, அதையும் தொட்டுப் பாரு. இப்போ ஒரு கையை மட்டும் விடு. அந்தக் கையைப் பெட்டி மேல வை. கீழ பார்க்க வேண்டாம், பட்டனைப் பாரு. நான் சொன்னா அமுக்கணும், நான் சொல்லாம விடக் கூடாது. அவ்வளவுதான் உன் வேலை. மீசை அழுதுகொண்டே எழுந்து மண்டியிட்டது போனில் தெரிந்தது.

பிறகு நாத்தனாரின் மூச்சு மட்டும் கேட்டது. தகரத்தில் செருப்பு வழுக்கும் சத்தம். ஒரு வாளி உருண்டு போய்க் கம்பியில் இடித்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. கம்பியைப் பிடிங்க, மெதுவா, இன்னும் கொஞ்சம் என்று ஏதோ. நடுவில் கணவன் அழைத்தான். யாரோ சொல்லியிருப்பார்கள். அவள் அதைத் துண்டித்தாள்.

“வந்துட்டேன்” என்றார் நாத்தனார். “பேய் மாதிரி சுத்துது இது.”

“கிண்ணத்தைப் பிடிக்காதீங்க, வெட்டிடும். நடுத்தண்டைப் பிடிங்க. கையுறை இருக்குல்ல?”

“ஈரம். வழுக்கும். கழட்டிட்டேன்.”

 பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு விடும் ஒரு சீறல். “பிடிச்சுட்டேன். விளக்கு?”

தூரத்திலிருந்து மீசையின் குரல், விளக்கு எரிகிறது என்றது.

“அணையுதா?”

அணையவில்லை.

“அவரை வலது பக்கம் திருப்பிட்டு மேல அமுக்கச் சொல்லுங்க. நீங்க விட்டுடாதீங்க, என்ன ஆனாலும்.”

மோட்டாரின் உறுமல் கேட்டது. அவள் மேஜையின் விளிம்பில் நகத்தால் அழுத்திக்கொண்டு அந்த உறுமல் நிற்பதற்காகக் காத்திருந்தாள். இதுவரை ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறது. முதலாளியும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தார். உறுமல் நிற்கவில்லை. பெரிய காற்று ஒன்று போனையே அடைத்தது. அதன் நடுவிலும் உறுமல் தொடர்ந்தது. பிறகு இரும்பு இரும்பை விடும் ஒரு கனத்த சத்தம்.

“விட்டுச்சு” என்றார் நாத்தனார். “பூட்டு விட்டுச்சு.”

இன்னும் கொஞ்சம் ஏற்றித் தொட்டிலை நேராக்கினார்கள். கீழே இறங்குவதுதான் இனி. நெம்புகோலால் இறக்க இரு முனையிலும் ஒரே அளவில் இழுக்கத் தெரிந்த இருவர் வேண்டும்; மீசையை நம்ப முடியாது, மோட்டார்தான். காற்றாடியை விட்டுவிடலாமா என்று நாத்தனார் கேட்டார். கூடாது, தரையைத் தொடும்வரை பிடித்தே ஆகவேண்டும் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. நாத்தனார் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. வழியெல்லாம் தொட்டில் சுவரில் இடித்து இடித்து இறங்கியது. ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. மழையின் முதல் துளிகள் விழுந்தபோது போனில் கீழே நிற்பவர்களின் குரல்கள் கேட்கத் தொடங்கின, பிறகு கூச்சல், பிறகு யாரோ போனைத் தவறி அமுக்கி, இணைப்பு அறுந்தது.

அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முகம் கழுவத்தான் போனாள். கழுவாமலே குழாயை மூடினாள்.

திரும்பி வந்தபோது முதலாளி அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரியைத் தன் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். எண்கள் மறுபடி உருவாகி வந்தன. காற்றின் வரிசையில் நான்கு, ஐந்தாக மாறியிருந்தது. மேஜைப் பலகையில் ஏற்றி ஊதிப் பார்த்தார்கள். சங்கு அலறியது. அவ்வளவு சின்ன அறையில் அந்தச் சத்தம் தாங்க முடியாததாக இருந்தும் இருவரும் உடனே நிறுத்தவில்லை.

இதே பலகை வேறு கட்டடங்களிலும் தொங்குகிறது, இன்றைக்கும் ஆட்கள் அதில் நிற்பார்கள் என்று அவள் சொன்னாள். தெரியும் என்றார். முதல் வாடிக்கையாளரை அழைத்து, ஒரு சின்னப் பராமரிப்பு இருக்கிறது, தொட்டிலை இறக்கி வையுங்கள் என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி பேசினார்.

“சின்னப் பராமரிப்பு இல்ல. நான் எழுதினதுல ஒரு பெரிய தப்பு. காத்து அடிச்சா உங்க ஆள் செத்துடலாம். இப்பவே இறக்குங்க.”

மற்றவர்களிடம் அவர் இரண்டாவதாகச் சொன்னதையே முதலில் சொன்னார். இருவர் கத்தினார்கள். ஒருவர் வழக்குப் போடுவதாகச் சொன்னார். அவர் எல்லோரிடமும் நின்றுகொண்டே பேசினார்.

சாயங்காலம் அவள் மருத்துவமனைக்குப் போனாள். நாத்தனாரின் உள்ளங்கையில் தோல் உரிந்து கட்டுப் போட்டிருந்தார்கள், தோளில் அடி. கணவன் ஏற்கனவே வந்து அழுது முடித்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து வெளியே போனான். அவள் கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நன்றி, மன்னிப்பு என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டே, அந்த ஒரு வரி என்ன வரி என்று கேட்டார். அவள் சொன்னாள். புள்ளியில் ஆரம்பிக்கும், சிப்புக்குத் தெரியவே தெரியாது, நடுவில் இருக்கிறவனுக்கு மட்டும் சொல்வது என்றாள். 

“எனக்கு ஒண்ணும் புரியல. தலைகாணியை உசத்தி வை.”

அவள் உயர்த்தி வைத்தாள். அன்று இரவு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தாள்.

பலகையில் புது நிரலை ஏற்றியாயிற்று, கையும் ஆறிவிட்டது. ஆனாலும் நாத்தனார் தொட்டிலில் ஏற ஒரு நிபந்தனை போட்டார். முதலாளி நேரில் வந்து எல்லாம் சரி என்று சொல்லியும் அசையவில்லை. எழுதினவ என் கூட ஏறட்டும் என்றார்.

அவளுக்கு மாடிப்படியின் வளைவிலேயே தலை சுற்றும். பட்டையை மாட்டிவிட்டது நாத்தனார்தான்; இறுக்கிய இறுக்கில் மூச்சு முட்டியது. தொட்டில் மரங்களின் உயரத்தைத் தாண்டியதும் அவள் கம்பியைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் கையில் தூசி ஊதும் கருவி இருந்தது. கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைக் காற்றாடியின் மேல் பிடித்து ஊதினார்.

கிண்ணங்கள் சுழன்றன. சங்கு ஊதியது. தொட்டில் தானாக, குலுங்காமல், இரு முனையும் சமமாகக் கீழே இறங்கத் தொடங்கியது. தரை வந்ததும் நின்றது.

“இன்னொரு தடவை” என்றார் நாத்தனார்.

மறுபடி ஏறினார்கள். மறுபடி ஊதினார். இந்தத் தடவை வயரையும் பிடுங்கிப் பார்த்தார். அதற்கும் சங்கு ஊதியது, அதற்கும் இறங்கியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவளுடைய விரல்கள் கொக்கியைக் கழற்ற வராததால், அதையும் அவரே கழற்றிவிட்டார்.

மீசை வேலையை விட்டு நின்றுவிட்டார்; எங்கோ கிடங்கில் தரைத்தள வேலையாகப் பார்த்துக்கொண்டாராம். அவருக்குப் பதில் வந்திருந்த பெண் ஈரத்துணிகளோடு காத்திருந்தாள். நாத்தனார் அவளை ஏறச் சொல்லி, அவள் பட்டையை இருமுறை இழுத்துப் பார்த்து, வாளியை உள்ளே வைத்து, பொத்தானை அமுக்கினார். தொட்டில் கிளம்பியது. முதலாளி வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார், அடுத்த கட்டடத்துக்கு நேரமாகிறது என்று. அவள் கையால் இருங்கள் என்று காட்டிவிட்டு, கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி, முதல் கண்ணாடியில் நுரை படியும்வரை நின்றாள்.